தைமும் லாவெண்டரும் முளைக்கும் மண்

எங்கள் புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறோம். பாகூர் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன். அந்தச் சொல் பிறந்த பிரான்சில் ஒரு கொம்யூனைக் கால்நடையாகச் சுற்றும் வாய்ப்பு போன செப்டம்பரில் கிடைத்தது. அந்நாட்டின் தெற்கே அவிஞோன் நகரில் இருக்கும் சித்தி மகன் கூட்டிப்போன ஊர் அது: ஷாத்தோநெஃப்-து-பாப். ரோன் ஆற்றின் பக்கம், சுமார் 2,000 பேர் வாழும் கிராமம்.

ஊருக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை. 14ஆம் நூற்றாண்டில், போப்புகள் அவிஞோனில் இருந்த காலத்தில், 22ஆம் யோவான் கட்டியது. 1944 ஆகஸ்டில் ஜெர்மன் படை வெடிவைத்துவிட்டுப் போனதில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு பக்கச் சுவர்தான். வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் என் மனசு நின்றது கீழே, திராட்சைத் தோட்டத்தில்.

நம் பக்கம் திராட்சை என்றால் பந்தல். அங்கே பந்தலே இல்லை. இடுப்பளவுகூட வராத முறுக்கிய கட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் செடியாக நிற்கின்றன. மிஸ்ட்ரால் என்ற வடகாற்று அடிக்கிற அடிக்குக் குள்ளமாக இருந்தால்தான் பிழைக்கும். பல தோட்டங்களில் தரையில் மண்ணே தெரியவில்லை. தேங்காய் அளவுக்கு உருண்டைக் கற்கள், ரோன் ஆறு எந்தக் காலத்திலோ உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. பொழுது சாய்ந்த பிறகு ஒன்றைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சூடு.

இந்த ஊர் ஒயினுக்குச் சும்மா பேர் வாங்கவில்லை. 1860களில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் தலைகாட்டியது, பிறகு பிரான்சின் கொடிகளையே காயவைத்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மீண்டார்கள். 1893 வரை ஊருக்கே வேறு பெயர், ஷாத்தோநெஃப்-கல்செர்னியே. சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர். போப்பின் பெயர் சேர்ந்து ஒயின் விலைபோகத் தொடங்கியதும், எங்கெங்கோ விளைந்ததையெல்லாம் இந்தப் பெயரில் விற்கும் வியாபாரிகளும் வந்துவிட்டார்கள்.

1923இல் விவசாயிகள் பியேர் லெ ருவா என்பவரிடம் போனார்கள். சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் விமானி, அவரும் அங்கே திராட்சை விவசாயிதான். அவரும் ஊர்க்காரர்களும் எழுதிய விதிகளைப் பாருங்கள். தைம், லாவெண்டர் என்ற இரண்டு மணச்செடிகளும் சேர்ந்து முளைக்கும் தரிசு மண்ணில் விளைந்தால்தான் இந்தப் பெயர். ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் கிடையாது. அறுவடையில் குறைந்தது 5 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். வெளியாளுக்குப் போட்ட வேலி மட்டும் இல்லை இது, தங்கள் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 1936இல் அது அரசாணை ஆனது, பிரான்சின் முதல் சில ஆணைகளில் ஒன்று.

நம்மிடமும் புவிசார் குறியீடு இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்தபோது நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் பொதுவாக அந்தச் சான்றிதழைப் பரிசுக்கோப்பை மாதிரியே பேசுகிறோம். போலியைப் பிடிக்கணும் என்கிறோம், சரி, பிடிக்கத்தான் வேண்டும். அந்தப் பெயருக்காக நாம் எதைச் செய்ய மாட்டோம், எவ்வளவைக் கழிப்போம் என்று விளைவிப்பவர்களே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்கிற கூட்டம் ஊருக்கு ஊர் நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

கிளம்பும்போது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் கூடாது, கையால்தான் பறிக்கவேண்டும். ஒரு அம்மா குலையைத் திருப்பிப் பார்த்து, அழுகிய ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிக் கல்லின்மேல் போட்டுவிட்டு மீதியைக் கூடையில் வைத்தார். அடுத்த குலையை முழுசாகவே கீழே போட்டார். எனக்கு அது நல்ல குலையாகத்தான் தெரிந்தது.