கோயம்புத்தூரில் பிறந்த நேட்டால் கரும்பு

மரபணு மாற்றம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் விஷம் என்கிறது, மறுபக்கம் பஞ்சத்துக்கு மருந்து என்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. இதுவோ, பயிரையும் மாட்டையும் மேம்படுத்தும் வேறு நுட்பமோ, யார் கையில் இருக்கிறது, சின்ன விவசாயியிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நம் கரும்பையே பாருங்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது முதல் நம் முன்னோர் பாடுபட்ட பயிர் இது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் குளிரில் கரும்புப் பூவின் மகரந்தம் சரியாக உயிர்பிடிக்காது. அதனால் ஒட்டுச்சேர்க்கை கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் நடந்தது. கோ 421, கோ 312 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து, கிடைத்த விதையை இங்கே அனுப்பினார்கள். டர்பன் பக்கத்தில் உள்ள மவுண்ட் எட்ஜ்கூம்ப் ஆய்வு நிலையத்தில் அதை முளைக்க வைத்து, நல்ல நாற்றுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் என்சிஓ 310, என்சிஓ 376. முன்னது தைவான், லூயிசியானா வரை போனது. பின்னது பல பத்தாண்டுகள் நேட்டால் வயல்களை ஆண்டது. கடலுக்கு இரு கரையிலும் இருந்த இரண்டு ஆய்வு நிலையங்கள் விதையைப் பகிர்ந்துகொண்டதால்தான் இது நடந்தது. தமிழன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

இப்போது மக்காச்சோளத்துக்கு வருவோம். பூச்சியைக் கொல்லும் நச்சுப் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) சோளம் 1998இல் இங்கே வணிகப் பயிரானது. தண்டுத்துளைப்பான் புழுவை அது நன்றாகவே அடக்கியது. ஆனால் பக்கத்தில் கொஞ்சம் சாதாரணச் சோளமும் நட வேண்டும் என்பது விதி. அங்கே வளரும் பூச்சிகள் பிடி சோளத்தில் தப்பிப் பிழைத்தவற்றோடு கலந்தால்தான் எதிர்ப்புச் சக்தி பரவாது. பல இடங்களில் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் அந்தச் சோளத்தையே தின்று வாழும் புழுக்கள் வந்துவிட்டன. அப்புறம் இரண்டு நச்சுப் புரதங்கள் கொண்ட புது விதை, அதற்கும் விவசாயியிடமே காசு. அறிவியல் தோற்கவில்லை. விதை விற்ற வேகத்தில் விளக்கம் சொல்லித் தரவில்லை, அதுதான் கோளாறு.

மாட்டுக்கும் இதே கதைதான். செயற்கைக் கருவூட்டலால் நல்ல பொலிகாளையின் வித்து எந்தப் பண்ணைக்கும் போக முடிகிறது, நல்லது. ஆனால் கோமாரி வந்தால் எல்லாம் போச்சு. அந்த நோய்க் கிருமியில் ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பெயரைத் தாங்கிய வகைகள் மூன்று உண்டு. பரவும் வகைக்குப் பொருந்தாத தடுப்பூசி போட்டுப் பயனில்லை. 1908 முதல் ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் கால்நடை ஆய்வகம் நடத்திவரும் நாடு, கோமாரித் தடுப்பூசிக்குப் பல ஆண்டுகள் போட்ஸ்வானாவிடம் கையேந்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. நோய் குவாசுலு-நேட்டாலுக்குள் வந்து சந்தைகள் முடங்கியபோது நான்கைந்து மாடு வைத்திருப்பவர்தான் முதலில் நொடித்துப் போனார்.

டோங்காட், வெருலம் பக்கம் கரும்பு விவசாயிகள் கூட்டத்துக்குப் போகிறவர்களே, கரும்புத் தண்டைத் துளைக்கும் எல்டானா புழுவைத் தாங்கும் ரகம் எப்போது வரும், ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த நாற்று சின்ன விவசாயிக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று எழுந்து கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.