காற்றாலைச் சலுகையைக் கேட்டு வாங்கியது யார்?

நேற்று இரவு அந்த டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். காற்றாலைச் சலுகையைக் கேள்வி கேட்பவர்கள் எல்லாம் நிலக்கரிக்காரர்களின் ஆட்களாம். இப்படிச் சொன்னவர் காற்றாலை நிறுவனங்களின் சங்கத்துக்காகப் பேச வந்தவர் என்பதை நெறியாளரும் சொல்லவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலின் காற்றில் வளர்ந்தவன் நான். எனக்குக் காற்றாலை வேண்டும். சலுகை யார் கேட்டு வந்தது, யாருக்குப் போனது என்பதுதான் என் கேள்வி.

காற்றாலை நிறுவினால் அதன் விலையில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாக, அதாவது இயந்திரம் தேய்ந்துபோன கணக்காக, லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. காத்தாடி எத்தனை யூனிட் கொடுத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய லாபமும் பெரிய வரியும் உள்ள நூற்பாலைகளுக்கும் கம்பெனிகளுக்கும்தான் இதில் ஆதாயம். யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று இன்னொன்றும் இருந்தது. அதுவாவது காத்தாடி சுற்றினால்தான் கிடைக்கும்.

2012இல் இரண்டையும் நிறுத்தினார்கள். முந்தைய வருடம் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியவர்கள், அடுத்த வருடம் 1,700 அளவுக்கு இறங்கினார்கள். சங்கங்கள் விடாமல் டெல்லியிடம் கேட்டன. 50 காசு 2013இல் திரும்பியது. 2014 ஜூலையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தேய்மானச் சலுகையையும் திருப்பிக் கொடுத்தார். 2017 ஏப்ரலில்தான் அது 40 சதவீதமானது.

"அது இல்லாவிட்டால் முப்பந்தலே வந்திருக்காது" என்பீர்கள். ஆரம்ப காலத்துக்கு அது சரி. ஆனால் 2017இல், யார் குறைந்த விலைக்கு மின்சாரம் தருவார் என்ற ஏலம் வந்ததும் யூனிட்டை 3 ரூபாய் 46 காசுக்குத் தர முன்வந்தார்கள், அதே வருடம் அக்டோபரில் 2 ரூபாய் 64 காசுக்கு. அவ்வளவு குறைக்க முடிந்தவர்களுக்கு அதுவரை மக்கள் வரிப்பணம் எதற்கு? நிலக்கரிக்கும் சலுகை உண்டு என்பீர்கள். உண்டு. அதையும் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

பணகுடிப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. "இந்தக் காத்துல என்ன விளையப்போகுது" என்று பேசிப் பேசியே தரகர் பாதியைக் காற்றாலைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம் கிணற்றுக்குப் போகும் பாதையில் வேலி வந்தது. பாதை கேட்டு அவர் எத்தனையோ பேரைப் பார்த்தார், எழுதியும் கொடுத்தார். ஒரு பதில் வரவில்லை. கம்பெனிகளுக்குக் கேட்க சங்கம் இருக்கிறது, டெல்லி வரை ஆள் இருக்கிறது. அவருக்கு யார் இருந்தார்கள்? இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். வலிக்கிறது.

பட்ஜெட்டுக்கு முன் சங்கங்கள் கொடுக்கிற மனுக்களை அமைச்சகம் வெளியிடட்டும். யார் என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று நாங்களும் படிக்கிறோம். சித்தப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.