சாது என்று சொல்லி என்னை ஏற்றிவிடாதீர்கள்

"ரொம்ப சாது மேடம். சின்னப் பிள்ளைகூட ஓட்டும்."

இந்த நான்கு மாதத்தில், குதிரை வைத்திருக்கும் ஐந்து பேரிடம் இதே வார்த்தையைக் கேட்டுவிட்டேன். ஐந்தும் பொய். வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 41. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பள்ளியில் எட்டு மாதம் குதிரையேற்றம் கற்றேன். நடையில் பயமில்லை. ட்ராட்டில், அதாவது குலுங்கும் சிறு ஓட்டத்தில், தாளத்துக்கு எழுந்து உட்காரத் தெரியும். அதைவிட வேகமான கேன்டர் என்றால் இன்னும் கை நடுங்கும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. சொந்தமாகக் குதிரை வாங்க எனக்கு வசதி கிடையாது. வைத்திருப்பவர்களுக்கும் லாயம், தீனி, லாடம், மருத்துவர் என்று மாதம் பிறந்தால் செலவு கழுத்தைப் பிடிக்கிறது. ஆகவே நான் கேட்பது இதுதான்: பாதிச் செலவை நான் தருகிறேன், வாரத்தில் மூன்று காலை நான் ஏறுகிறேன், அந்த நாட்களில் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் சாணம் அள்ளுவதும் என் வேலை. இங்கிலாந்தில் இப்படிக் குதிரையைப் பகிர்ந்துகொள்வது சர்வசாதாரணம். இங்கே இதற்கு ஒரு பெயர்கூட வரவில்லை. என்றாலும் சொன்னதும் எல்லோருக்கும் பிடிக்கிறது. "எனக்குப் பயம் உண்டு, சாதுவான குதிரைதான் வேண்டும்" என்று அடுத்த வரியைச் சொன்னதும் பொய் ஆரம்பமாகிறது.

முதலில் பார்த்தது ஏழு வயதுச் செந்நிறக் குதிரை. பந்தயத்தில் ஓடியது என்று உரிமையாளர் சொல்லவே இல்லை. ஸ்டிரப்பில் (ஏறக் கால் வைக்கும் வளையம்) கால் வைத்ததுமே அது நகரத் தொடங்கியது. அதை அங்கிருந்த குதிரை பராமரிக்கும் சைஸ் அண்ணன் பிடித்து நிறுத்தினார். இரண்டு சுற்று ஒழுங்காக நடந்தது. வேலிக்கு வெளியே ஒரு பைக் சைலன்சர் வெடித்ததும் பாய்ந்தது. நான் கடிவாளத்தை இழுத்தேன். இழுக்க இழுக்க வேகம்தான் கூடியது. மூன்றாவது வளைவில் மணலில் கிடந்தேன்.

ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது, அதையும் என் பள்ளி ஆசிரியர்தான் விளக்கினார். பந்தயக் குதிரை வாயில் கடிவாளம் இறுகும்போது அந்த இழுப்பிலேயே சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. நாம் பயந்து இழுத்தால் 'ஓடு' என்றே அதற்குக் கேட்கும். ஜாக்கி குட்டை ஸ்டிரப்பில் முட்டியை மடக்கி முதுகுக்கு மேலே நிற்பார். நம்மைப் போலக் காலை நீட்டி விலாவில் அணைத்தால் அது அதற்குத் தெரியாத பாஷை. நடந்துகொண்டிருக்கும் குதிரையின் மேல் ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவது அங்கே வழக்கம், அதனால் ஏறும்வரை நிற்கவும் அதற்குப் பழக்கமில்லை. குதிரை மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வயதிலேயே ஓடவிட்டு, கொஞ்ச வருடத்தில் கழித்துவிடுகிறார்கள். குதிரையோ 25, 30 வருடம் வாழும். 18ஆம் நூற்றாண்டிலேயே கிண்டியில் பந்தயம் ஓடிய ஊர் இது, அப்படிக் கழிக்கப்பட்ட குதிரைகளுக்கா பஞ்சம்? பொறுமையாக மாதக்கணக்கில் மறுபடி பழக்கினால் அவை அருமையாக மாறும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பைச் செய்யாமல், செய்ததாகச் சொல்லி, பயந்தவளைத் தூக்கி ஏற்றுவது என்ன நியாயம்?

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எனக்கு அது அப்படியே நடந்தது. தோள்பட்டை வீங்கி நான் உட்கார்ந்திருக்க, "உங்க பயம்தான் மேடம் குதிரைக்கு ஏறிடுச்சு" என்றார் உரிமையாளர். அறுந்த கடிவாள வாருக்குக் காசும் கேட்டார். ஏறுபவரின் உடல் இறுகினால் குதிரைக்குத் தெரியும் என்பது உண்மைதான். அதனால்தானே ஐயா முதல் வரியிலேயே பயம் உண்டு என்று சொன்னேன்?

இரண்டாவதும் நான்காவதும் கிட்டத்தட்ட இதே கதை, விட்டுவிடுகிறேன். மூன்றாவதை மட்டும் மறக்க முடியவில்லை. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வண்டி கிடைத்துவிட்டதால் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விட்டேன். குதிரை தூங்கி எழுந்ததுபோலத் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. எவ்வளவு அமைதி என்று மனம் இளகி முதுகைத் தடவினேன். சேணம் உட்காரும் இடம் முழுக்க ஈரம். ஓரத்தில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூக்குத்துளை இன்னும் விரிந்து விரிந்து மூடியது. நான் வருவதற்குள் அதை ஓட்டோ ஓட்டென்று ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். என்னிடம் காட்டியது அந்தக் களைப்பை. ஒரு வாரம் கழித்து, நன்றாக ஓய்வெடுத்த குதிரை மேல் நான் தனியாக ஏறியிருந்தால்?

ஐந்தாவது, கடற்கரையில் சவாரிக்கு விட்டிருந்த பெண் குதிரை. எதற்கும் அசையவில்லை. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கியபோதுகூடக் காதைப் பின்னுக்கு மடக்கவில்லை. கழுத்துத் தோலை விரலால் கிள்ளி விட்டேன். நல்ல குதிரைக்கு அது சட்டென்று படிந்துவிடும். இதற்கு மடிப்பு அப்படியே நின்று மெல்ல இறங்கியது. தண்ணீர் போதவில்லை. வயிற்று வாருக்கு அடியில் பழைய புண், மேலே புதிய புண். எதிர்க்கத் தெம்பில்லாத ஒரு உயிரைக் காட்டி "குழந்தை மாதிரி" என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அழுதேன்.

சாதுவான குதிரை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பள்ளியில் ஒரு கிழவி இருந்தாள், 18 வயது. பிளாஸ்டிக் பை பறந்தால் ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். தெருநாய் குரைத்தால் நின்று நிதானித்து மறுபடி நடப்பாள். நான் ஒரு பக்கம் சரிந்தால் தானாகவே நின்று, நான் நேராகும்வரை காத்திருப்பாள். நன்றாகத் தின்று, பல வருடம் நல்ல கைகளில் பழகி வந்த நிதானம் அது. கொள்ளு வாளியைப் பார்த்தால் மட்டும் யாருக்கும் அடங்கமாட்டாள். அவளைத்தான் கேட்டேன். வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கிறோம் என்றார்கள். சரி, அதுதான் நியாயம்.

குதிரை வைத்திருப்பவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. லாரி ஹாரனுக்குப் பாயுமா, தப்பு மேளம் அடித்தால் என்ன செய்யும், கடைசியாக யாரை எப்போது தள்ளியது? உள்ளதைச் சொல்லுங்கள். "உங்களுக்கு ஒத்துவராது சிஸ்டர்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பயப்படுகிறவளுக்குக் குதிரை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கிழவியின் மேல் உட்கார்ந்திருந்த எட்டு மாதமும் நான் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

வரும் ஞாயிறு முட்டுக்காடு பக்கம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். நான் வரும்வரை சேணம் போடாதீர்கள், முதலில் நீங்கள் ஏறிக் காட்டுங்கள், அப்புறம் நான் ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். ஆறு மணிக்கு வரச் சொன்னார். நாலரைக்கே போய் நிற்பேன்.