கமலாதேவியை "கைவினைத் தாய்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

பிறந்தநாளான ஏப்ரல் 3 வந்தால் கமலாதேவி சட்டோபாத்யாயின் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரிய பொட்டு, கைத்தறிப் புடவை, அடியில் "கைவினைக் கலைகளின் தாய்" என்று ஒரு வரி. இந்தத் தாய்ப் பட்டம் எனக்கு ஒப்பவில்லை. தாய் என்றதும் பாசம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த அம்மாள் பார்த்தது கணக்கு. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, கூலி யார் கைக்குப் போகிறது, அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்கிற கணக்கு.

1903இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரி, பிறகு லண்டனில் படிப்பு. 1926இல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் நின்று, கொஞ்ச வாக்கில் தோற்றார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது பம்பாயில் உப்புப் பொட்டலம் விற்றுச் சிறைக்குப் போனார். 1939 முதல் 1941 வரை ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று சுற்றினார். சுற்றுலாவாக அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் ரயிலில் வெள்ளையருக்கான பெட்டியில் உட்கார்ந்திருந்தவரை டிக்கெட் பரிசோதகர் எழுந்து போகச் சொன்னார். இந்தியப் பெண் என்று தெரிந்ததும் அவர் சற்று இறங்கிவந்தார். கமலாதேவியோ, நானும் நிறமுள்ள பெண்தான் என்று சொல்லிவிட்டு, இடத்தை விட்டு நகரவில்லை. விருந்தாளிக்குக் கிடைத்த சலுகையை வேண்டாம் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும்.

பிரிவினைக்குப் பிறகு, 1948இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்த அகதிகளை உதவித்தொகை வரிசையில் நிறுத்தாமல், டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரீதாபாத்தை அவர்கள் கையாலேயே கட்டவைக்கும் வேலையில் இறங்கினார். தொண்டு என்று அவர் சொன்னது இதைத்தான். பின்னால் அதிகாரிகளின் கை ஓங்க ஓங்க, கூட்டுறவு மூச்சுத் திணறிப் போனது வேறு கதை.

1952இல் அகில இந்திய கைவினை வாரியத் தலைமைக்கு வந்தவர், கிட்டத்தட்ட இருபது ஆண்டு அங்கே இருந்தார். அவர் வேலை எப்படிப்பட்டது என்று தெரிய, துணியில் குச்சியால் சாமிப் படம் எழுதிச் சாயமேற்றும் காளஹஸ்தி கலம்காரி ஒன்று போதும். 1950களில் அங்கே கை பழகியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். பாராட்டுக் கூட்டம் போட்டு இதைக் காப்பாற்ற முடியாது; பயிற்சிக்கூடம் வேண்டும் என்று வாரியம் வழியாக ஏற்பாடு செய்தார்.

ஏன் பயிற்சிக்கூடம்? செய்முறையைப் பாருங்கள். காடாத் துணியில் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்புதான் மையை ஊறிப் பரவாமல் பிடிக்கிறது. பால் தண்ணியாக இருந்தால் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விடும். கறுப்பு மைக்கு இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணீர். பானையில் போட்டுப் பதினைந்து இருபது நாள் புளிக்க வேண்டும். அவசரப்பட்டால் கோடு சாம்பல் நிறத்தில் நிற்கும். இரும்பு அதிகமாகிவிட்டால் சில வருடத்தில் கறுப்புக் கோடு போன வழியெல்லாம் துணி இற்றுக் கிழியும். சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் படிகார நீர். அதை ஓடுகிற தண்ணீரில்தான் அலச வேண்டும். தொட்டியில் அலசினால் மிச்சப் படிகாரம் பக்கத்து இடங்களில் ஒட்டிக்கொள்ளும், சிவப்புச் சாயம் தரும் சாயவேரில் கொதிக்கவைக்கும்போது சாமி முகமும் சேர்ந்து சிவந்துவிடும். ஆக, ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் கலையும் இல்லை. இதெல்லாம் படித்து வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கை பழகி வருவது.

நாடகம், சங்கீத நாடக அகாடமி, 1966இல் மகசேசே விருது பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். 1964இல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகத்தைத்தான் நம்மூர்க்காரர்களே மறந்துவிடுகிறோம். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொம்பை, அதாவது கோயிலிலும் தேரிலும் தொங்கவிடும் உருளை வடிவத் துணி, எழுதுகிறவர்களையும்தான். 2021இல் அவர்கள் எழுதும் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று இருக்கிறோம்.

மறுபக்கம், கடைகளில் "கலம்காரி" என்று தொங்கும் ரவிக்கைத் துணியில் பெரும்பாலானது ஸ்கிரீன் பிரிண்ட். மசூலிப்பட்டின அச்சுக்கட்டை வேலை வேறு, அது நியாயமான கலம்காரிதான். கையால் எழுதியதா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். கறுப்புக் கோடு பின்பக்கமும் இறங்கியிருக்க வேண்டும். ஒரே மயில் இரண்டு இடத்தில் அச்சு அசலாக இருந்தால் அது கை அல்ல. கோட்டின் தடிமன் ஏறி இறங்கும், ஏனென்றால் மூங்கில் குச்சியில் சுற்றிய துணியை விரலால் அழுத்தித்தான் மை விடுகிறார்கள். புதுத்துணியை முகர்ந்தால் லேசாகப் புளித்த பால் வாடை வரும். அந்த வாடையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.