கோடு போட்டு முடித்துவிட்டு எதற்குக் கருத்துக் கேட்பு?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புறநகர் ரயில் பாதைக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "எங்க ஏரிக் கலங்கல் தண்ணி இந்தக் கோட்டைத் தாண்டி எப்படிப் போகும்?" என்று கேட்கிறார். கலங்கல் என்றால் ஏரி நிறைந்ததும் உபரி நீர் வழியும் இடம். மேடையிலிருந்து "அது டெக்னிக்கல் விஷயம்மா, நீங்க உக்காருங்க" என்று பதில் வருகிறது. அடுத்தவர் கையில் மைக் போய்விடுகிறது.

இரண்டு நாளாக என் டைம்லைனில் பாதிப் பேர் அந்த அம்மாவைத்தான் திட்டுகிறார்கள். "ரயிலே வேண்டாம்னு வந்துட்டாங்க" என்கிறார்கள். ரயில் வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்டதிலேயே மிகவும் டெக்னிக்கலான கேள்வி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ரயில் பாதைக்கு மண் மேடு போட்டால் அது இன்னொரு ஏரிக்கரை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து, அது நிறைந்தால் அதற்கடுத்த தாங்கலுக்கு. இந்தச் சங்கிலிக்குக் குறுக்கே பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கரையை எழுப்பினால், தண்ணீர் தாண்டிப் போவதற்கு நாம் விட்டுவைக்கும் சிறுபாலங்கள் மட்டும்தான் வழி. எங்கே விடுகிறோம், எவ்வளவு அகலம் விடுகிறோம் என்பதில்தான் ஊர் முழுகுவதும் தப்பிப்பதும் இருக்கிறது.

ரயில்வே பாலங்களைப் பொதுவாக 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். உடைந்தால் பெரிய சேதம் என்று தலைமைப் பொறியாளர் கருதினால் அதைவிடப் பெரிய வெள்ளத்துக்கும் வடிவமைக்கலாம். கணக்கு தெரிந்தவர்கள்தான் போடுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்குக்குள் வராத ஓடைக்கு யார் கணக்குப் போடுவது? சர்வே கோடையில் நடக்கிறது. கார்த்திகையில் பத்து நாள் மட்டும் ஓடும் வாரி சித்திரையில் வெறும் பள்ளமாகக் கிடக்கும், அதில் ஆடு மேயும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து அளப்பவருக்கு அது தரிசு. கிராம வரைபடத்திலும், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருக்கும். அதைப் பார்க்கவில்லை என்றால் அங்கே சிறுபாலம் வராது. அருகருகே இருக்கும் இரண்டு ஓடைகளைச் சேர்த்துச் செலவு மிச்சம் பிடிக்க ஒரே பாலமாகப் போட்டாலும் இதே கதைதான். தண்ணீர் கரையின் அடியை ஒட்டியே ஓடி மண்ணை அரிக்கும், மேல்புறத்து வயலில் தேங்கி நிற்கும். ஆள் குனிந்துகூட நுழைய முடியாத பெட்டி வடிவச் சிறுபாலம் (பாக்ஸ் கல்வெர்ட்) என்றால் தூர்வாரவும் வழியில்லை. இரண்டே மழையில் வண்டலும் பிளாஸ்டிக்கும் அதை அடைத்துவிடும்.

அந்த அம்மா கேட்டது இதைத்தான். "இந்தந்த இடத்தில், இத்தனை மீட்டர் அகலத்தில்" என்று பதில் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் "குறித்துக்கொள்கிறோம்" என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால் கேளுங்கள். போட்ட பிறகு கேட்பது கேட்பது ஆகாது.

"சட்டப்படி ரயிலுக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை, நாங்களாகத்தான் நடத்துகிறோம்" என்றும் அன்று மேடையில் சொன்னார்கள். உண்மைதான், அந்த உண்மைதான் எனக்கு வலிக்கிறது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன்அனுமதி வேண்டிய திட்டங்களின் அட்டவணையில் துறைமுகம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது, அது வந்தபோது மலைக்குப் போகும் ரோப்கார்கூட இருந்தது. ரயில் பாதை இல்லை. 20,000 சதுர மீட்டரைத் தொடும் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும். 100 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு வேண்டாம். வனம், வனவிலங்கு சரணாலயம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றைத் தொட்டால் அந்தந்தச் சட்டத்தின் அனுமதி தேவை. மற்றபடி வயலுக்கும் ஏரிக்கும் குடியிருப்புக்கும் நடுவே பாதை போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நிலம் எடுப்பதிலும் இதே ஓட்டை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் விலக்குப் பெற்ற சட்டங்களின் பட்டியல் இருக்கிறது. 1989 ரயில்வே சட்டமும் 1978 மெட்ரோ ரயில் கட்டுமானச் சட்டமும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இழப்பீட்டுக் கணக்கு இவற்றுக்கும் பொருந்தும். மதிப்பீடும் விசாரணையும் கிடையாது.

அப்படியானால் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு எப்படி அறிக்கை வந்தது, கூட்டங்கள் நடந்தன? கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். ஜைக்கா என்ற ஜப்பானிய அரசு நிதி உதவி அமைப்பு, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றுக்குச் சொந்தமாகப் பாதுகாப்புக் கொள்கைகள் இருக்கின்றன. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 கொள்கை, கடும் பாதிப்பு உண்டாக்கக்கூடிய 'ஏ' பிரிவுத் திட்டங்களின் வரைவு அறிக்கையை வங்கியின் நிர்வாகக் குழு பரிசீலிப்பதற்கு 120 நாள் முன்பே வெளியிடச் சொன்னது. பட்டா இல்லாமல் புறம்போக்கில் கடை வைத்திருப்பவருக்கும், நிலத்துக்கு இல்லாவிட்டாலும் கட்டிய கொட்டகைக்கு ஈடு தரச் சொன்னது. மணிலாவில் உட்கார்ந்திருக்கும் வங்கி கேட்டால் செய்கிறோம், மதுராந்தகத்தில் உட்கார்ந்திருக்கும் விவசாயி கேட்டால் உட்காரச் சொல்கிறோம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

"நாங்களாக நடத்துகிறோம்" என்றால் நல்லது, மனமார வரவேற்கிறேன். அதை ஒழுங்காக நடத்துங்கள். எப்படி நடத்துவது என்பதை அந்த 2006 அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பே சொல்லித் தருகிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு. ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை. முழுக்க வீடியோ பதிவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூட்டம் முடிவதற்குள் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, வந்தவர்களுக்குப் புரியும் மொழியில் அங்கேயே படித்துக்காட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பதிலை இணைத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிக்கை.

அன்றைக்கு எது நடந்தது? வாசலில் ஒரு தாளில் பெயர், ஊர், கைபேசி எண் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே டீ, சமோசா. முடிவில் எதையும் படித்துக்காட்டவில்லை. அந்தக் கையெழுத்துத் தாள் நாளைக்கு அறிக்கையின் பின்னால் ஏறும், "கலந்தாய்வில் இத்தனை பேர் பங்கேற்றனர்" என்ற வரிக்கு ஆதாரமாக. அந்த அம்மாவின் கையெழுத்தும் அதில் இருக்கும். கேள்வி இருக்காது.

எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன், இன்பாக்ஸ் நிறைந்து கிடக்கிறது. "ரயில் வந்தால் கார் குறையும், புகை குறையும், அதுவே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?" ஆமாம், நல்லது. புறநகர் ரயில் வேண்டும், நிறைய வேண்டும். நல்ல திட்டம் என்பதற்காகத் தண்ணீர் வேறு வழியாக ஓடாது.

"இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு பாதையும் வராது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பறக்கும் ரயிலின் நீட்டிப்பான வேளச்சேரி–பரங்கிமலையை உதாரணம் காட்டுகிறார். அதையே பார்ப்போம். ஐந்து கிலோமீட்டர்ப் பாதையில் ஏறக்குறைய எல்லாத் தூணும் எழும்பிய பிறகு, கடைசி அரை கிலோமீட்டர் நில எடுப்பு வழக்குகளில் பல ஆண்டுகள் நின்றுபோனது. மக்களை முன்கூட்டிக் கேட்டதாலா அது நின்றது? கோடு போட்டு, தூண் எழுப்பி, கடைசியில் வீட்டுக்காரரிடம் போனால் அவர் நீதிமன்றம் போகத்தான் செய்வார். முன்னால் ஆறு மாதம் செலவழிக்க மனமில்லாமல் பின்னால் பல வருடம் இழந்தோம்.

பறக்கும் ரயில் என்றாலே எனக்குப் பக்கிங்காம் கால்வாய்தான் நினைவுக்கு வருகிறது. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி. நிலம் எடுக்கும் தொல்லை இல்லை என்று கால்வாய் ஓரத்தையும் கால்வாயையுமே பாதையாக எடுத்துக்கொண்டார்கள். தூண்களைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினார்கள், ஸ்டேஷன்களைக் கால்வாய்க்கு மேலேயே கட்டினார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம், ஒரு காலத்தில் படகு ஓடிய கால்வாய் தூண்களுக்கு நடுவே எப்படி நெளிகிறது என்று. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கரையோரக் குடிசைக்காரர்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? கால்வாய்க்குப் பட்டா இல்லை, அதனால் கேட்க ஆளும் இல்லை என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கு அந்தக் கான்கிரீட்டை யாராலும் பிடுங்க முடியாது.

"மக்களுக்கு என்ன தெரியும், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்களுக்கு நிபுணர்களின் முறையையே சொல்கிறேன். திட்டத்துக்கு முன் காற்றும் நீரும் எப்படி இருக்கின்றன என்ற அடிப்படை நிலைத் தரவை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுப்பதுதான் வழக்கம். காற்றுத் தரத்துக்கு அது பொருத்தம், தூசி அப்போதுதான் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் வாழும் ஊரில் நீர்நிலைக்கும் அதே மூன்று மாதம் என்றால் என்ன கிடைக்கும்? காய்ந்த ஏரியும் பறவை இல்லாத மரமும்தான். வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் பறவைகள் வருவதே மழைக்குப் பிறகுதான். ஐப்பசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை என்று இரண்டு பருவம் பார்த்தால்தான் இந்த மண்ணுக்கு அது ஆய்வு.

சத்தமும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. புறநகர் ரயில் விடிகாலை 4 மணியை ஒட்டியே ஓடத் தொடங்கிவிடும். அறிக்கைகளில் வருவது சராசரி அளவு. ஒரு ரயில் கடக்கும் அந்த இருபது விநாடி சராசரியில் கரைந்துபோகும், தூங்குகிறவரின் காதில் கரையாது. வளைவு இறுக்கமாக இருக்கும் இடத்தில் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். அந்த வளைவு எந்தத் தெருவுக்குப் பின்னால் வருகிறது என்பதைக் கோடு போடும்போதுதான் மாற்ற முடியும். பிறகு தடுப்புச் சுவர் ஒன்றுதான் மிச்சம்.

மண்ணுக்கும் கணக்குப் போடுங்கள். இரட்டைப் பாதைக்கு மேலகலம் சுமார் 13 மீட்டர். கரை 4 மீட்டர் உயரம், சரிவு இரண்டுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 84,000 கனமீட்டர் மண். 10 கனமீட்டர் டிப்பரில் 8,400 நடை. எந்த ஏரியில் சவுடு மண் எடுப்பீர்கள், எந்தக் கிராமச் சாலையில் அந்த லாரிகள் ஓடும், அந்தச் சாலையில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? "ஒப்பந்தக்காரர் அனுமதி பெற்ற இடத்திலிருந்து எடுப்பார்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள்.

மொழி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2020-இல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த ரயில் கூட்டத்திலும் தடித்த ஆங்கில அறிக்கைக்குப் பக்கத்தில் சில பக்கத் தமிழ்ச் சுருக்கம்தான் இருந்தது. அதில் கலங்கல் என்ற சொல் இல்லை, மதகு இல்லை, வரத்துக் கால்வாய் இல்லை. "வடிகால் அமைப்புகள்" என்று பொதுவாக இருக்கிறது. தன் ஏரியைத் தன் மொழியில் தேடிப் பார்த்துக் கிடைக்காததால்தான் அந்த அம்மா எழுந்து கேட்டார். அதற்குத்தான் "உக்காருங்க" என்றார்கள்.

எழுத்து மூலம் கருத்துத் தர இன்னும் நாள் இருக்கிறது என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள். எழுதுங்கள். "பாதிப்பு உண்டு" என்று பொதுவாக எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். சர்வே எண், ஓடையின் பெயர், எந்த ஆண்டு மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, சுவரில் கறை இருந்தால் அதன் புகைப்படம், கிராம வரைபட நகல், இத்தனையும் சேருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, எண்வாரியாகப் பதில் கேளுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கு. அதோடு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றைய கூட்டக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். அந்த அம்மாவின் கேள்வி அதில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து இங்கே போடுகிறேன்.