கையில் தங்குகிற விளம்பரம்

விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கிற பொருள்களில் நான் மனசார மதிப்பது கூசியைத்தான். குளிர்பானக் கேனுக்கும் பீர் பாட்டிலுக்கும் மாட்டுகிற அந்த நுரை உறை. இங்கே டெக்சாஸில் வங்கி தரும், வீடு விற்கிற ஏஜென்ட் தருவார், கல்யாண வீட்டில் மணமக்கள் பெயர் போட்டுத் தருவார்கள்.

இது பரவியதும் டெக்சாஸிலிருந்துதான். சான் அன்டோனியோவின் ரேடியோ கேப் கார்ப்பரேஷன் 1980இல் 'கூசி' என்ற பெயரைப் பதிவு செய்தது. அப்புறம் அது நார்வுட் நிறுவனத்திடம் போனது. நார்வுட்டை 2009இல் பேனா விற்கிற பிக் வாங்கியது. பிக்கிடமிருந்து பிரிந்த அந்த விளம்பரப் பொருள் கம்பெனியின் இன்றைய பெயர் கூசி குரூப். பேனா, பை, காலண்டர் என்று எல்லாம் விற்கிறவர்கள், தங்களுக்குப் பெயராக இந்த உறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒஹாயோ மாநிலத்தின் கொஷாக்டன் ஊரில் ஜாஸ்பர் மீக் என்ற பத்திரிகைக்காரர், அச்சு இயந்திரம் சும்மா கிடக்கிறதே என்று சாக்குத் துணியில் செய்த பள்ளிக்கூடப் பைகளில் ஒரு செருப்புக் கடையின் பெயரை அச்சடித்தார். பிள்ளைகள் புத்தகம் சுமந்தார்கள், கடைப் பெயர் ஊரெல்லாம் சுற்றியது. பை உழைத்ததால்தான் பெயர் சுற்றியது. கூசியும் அதே ஜாதி. எழுத்து இருக்கிற இடம் கண்ணுக்கு நேரே, பிடித்திருக்கிற கைக்குள்ளேயே.

ஆனால் அது உண்மையிலேயே எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல விஞ்ஞானிகள் டேல் டுரானும் டார்கன் ஃபிரியர்சனும் இதை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். முதல் சோதனை நடந்தது வீட்டுக் குளியலறையில், ஹீட்டரையும் வெந்நீர் ஷவரையும் திறந்துவிட்டு! காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கேன்மேல் நீராகப் படியும்போது, தன் வெப்பத்தை அந்தக் கேனிடமே விட்டுவிடுகிறது. 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் படிந்தாலே உள்ளிருக்கும் பானம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் சூடேறிவிடும். அந்த ஈரத்தைப் படியவிடாமல் தடுப்பதுதான் கூசியின் முக்கிய வேலை என்பது அவர்கள் முடிவு. ஹூஸ்டன் புழுக்கத்தில் நிற்கிறவர்களுக்கு, சென்னைக்காரர்களுக்கும்தான், இதை விளக்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இதை 'ஸ்டபி ஹோல்டர்' என்பார்கள். கடலில் முக்குளிப்பவர்களின் உடைக்கான நியோப்ரீனிலேயே தைத்திருப்பார்கள். கையில் எடுத்தாலே கனம் தெரியும், அடிப்பக்கமும் மூடியிருக்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது இப்போது குவிகிற மெல்லிசு ரகத்தைப் பார்த்துத்தான். காகிதத் தடிமனில் ஒரு நுரை, அடிப்பக்கம் திறந்து கிடக்கும், நாலு தடவை மாட்டினால் தையல் விட்டுவிடும். மேலே கொட்டை எழுத்தில் விழாவின் தேதி. விழா முடிந்த மறுநாள் அதை யார் எடுப்பார்கள்? விலை குறைகிறது என்று ஆயிரக்கணக்கில் அடித்து, நேராகக் குப்பைக்கு அனுப்புகிறோம். வேலை செய்யாத பொருளில் பெயரைப் போடுவது, கொடுப்பவருக்கும் கௌரவமில்லை, வாங்குபவருக்கும் உபயோகமில்லை.

அதனால் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடைப் பிக்னிக்குக்கு ஆர்டர் கொடுக்கும்போது எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், குடும்பத்துக்கு ரெண்டு போதும். கனமான நியோப்ரீனாக, அடி மூடியதாகக் கேளுங்கள். சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும், தேதி வேண்டாம்.