தொழிற்சாலை ஏஐ மனித மூளையின் நகல் அல்ல

"மனித மூளையை நகலெடுத்துத்தான் தொழிற்சாலை இயந்திரங்களில் வைக்கிறார்கள், அவை நம்மைப் போலவே யோசிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பழுதான பொருளைக் கேமராவில் பார்த்துப் பிரிக்கும் ஏஐக்குள் இன்று பெரும்பாலும் ஓடுவது நியூரல் நெட்வொர்க், அதாவது மூளையின் நரம்பு வலையைப் பார்த்து அமைத்த ஒரு கணக்கு முறை. 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நரம்பு செல்லை மிகவும் எளிமையாக்கி ஒரு கணக்காக எழுதினார்கள், 1958-இல் ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகால நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தார். சரி, மூளையிடமிருந்து யோசனை வந்தது உண்மைதான். ஆனால் அதைப் பயிற்றுவிக்கும் பேக்ப்ராப்பகேஷன் (விடையில் வந்த தப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டு உள்ளே இருக்கும் எண்களைத் திருத்துவது) முறையில்தான் மூளையும் கற்கிறது என்று யாரும் நிறுவவில்லை. ஏராளமான படங்களைக் காட்டி, தப்பு வரும்போதெல்லாம் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திப் பழக்கிய கணக்கு அது, விளக்கு வெளிச்சம் மாறினாலே தடுமாறலாம்.

மனித மனத்தின் மாதிரியை வைத்தே கட்டியவையும் உண்டு. 1980களில் ஆலன் நியூவெல், ஜான் லேர்ட், பால் ரோசன்புளூம் ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கிய சோர் (Soar) என்ற மென்பொருள் அப்படிப்பட்டது; 1997-இல் அமெரிக்க ராணுவப் பயிற்சி ஒன்றில் கணினிப் பாவனைப் போர் விமானங்களை அது ஓட்டியது. அதுவும் மனிதர்கள் எழுதிக்கொடுத்த விதிகளில்தான் ஓடியது.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி, "ஆளைப் பார்த்தால் அதுவே புரிந்துகொண்டு நின்றுவிடும்" என்று ரோபோ கையின் பாதுகாப்பு வேலிக்குள் தயவுசெய்து யாரும் போகாதீர்கள்.